திருநீறு பூசிய பேரிங்

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த முனகல் தொடங்கும். எண்பதில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. என்னைவிட இரண்டு வயது மூத்த கார் அது, எங்கள் ஊர்ப் பேச்சில் காடி. ஜப்பானில் செய்த, இரண்டே கதவுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் காடி. தினமும் ஜொகூரிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துச் சேர்த்ததில் வாங்கினேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஃபேக்டரி பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா மட்டும் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு விரல் நுழைய இடமில்லாமல் அடைத்து வைத்திருக்கிறார்களே என்றார்.

அக்காவை நிச்சயம் செய்ய பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமாவை பஸ் நிலையத்திலிருந்து பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான்தான் ஏற்றி வந்தேன். இறங்கியவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "தம்பி, இது ரோட்ல ஓடுற காடியா, பிளேனா? மேல ஏறிடுமோன்னு நான் பெல்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்." வீடே சிரித்தது. கல்யாணத்தன்று பெண்ணை அழைத்துப் போக நல்ல வெள்ளைக் காடியாகத் தாங்களே ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார்.

தட்டை ஏந்தி நின்ற அக்கா அதுவரை வாயே திறக்கவில்லை. "நான் என் தம்பி காடியிலதான் கோயிலுக்கு வருவேன்" என்றாள்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. எனக்கே அதிர்ச்சி. அவர்கள் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன். வாயில் வந்துவிட்டது, இனி மாற்றினால் அந்த மாமா ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார், நீ எப்படியாவது சரி பண்ணிவிடு என்றாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

என்னோடு பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன் இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். நான் பல்கலைக்கழகம் போனேன், எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா எஸ்டேட் பள்ளியில் இரண்டு வருடம் உட்கார்ந்ததோடு சரி. நான்கு வருடப் பொறியியலில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைப் பற்றிப் படித்தேன், தேர்வில் படம் வரைந்தேன். ஆனால் ஓடித் தேய்ந்த ஒன்றைக் கையில் வாங்கியது அவன் ஒர்க்‌ஷாப்பில்தான்.

சத்தம் டிஃப்ரன்ஷியலில் இருந்து வந்தது. எஞ்சினின் சுற்றலை வாங்கி, திசை திருப்பி, பின்சக்கரங்களுக்குக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. நண்பன் அதைக் கழற்றி மேசையில் ஏற்றி, உள்ளே இருந்த பல்சக்கரத் தண்டை உருவினான். தண்டைத் தாங்கிய இரண்டு பேரிங்குகளும் போயிருந்தன. உருளைகள் ஓடிய தடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். மிகச் சிறியவை. நகத்தால் வருடினால்தான் தட்டுப்பட்டன. அந்தக் குழிகளா ஒரு முழுக் காடியை அலற வைத்தன என்று நம்பவே முடியவில்லை. குழி இல்லாத பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியதோ, அங்கே இன்னும் என் முகம் தெரிந்தது. உருளைக்கும் தடத்துக்கும் நடுவில் முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் இருக்கும், எடையெல்லாம் அதன் மேல்தான் போகும் என்று பாடத்தில் எழுதியிருக்கிறேன். எழுதியபோது அது ஒரு விடை. இப்போதுதான் அதன் அர்த்தம் உடம்பில் இறங்கியது. நண்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டேய், கும்பிடறதுன்னா கும்பிட்டுக்கோ. எனக்கு மேசை வேணும்" என்றான்.

புதிய பேரிங்குகளை ஜப்பானிலிருந்து வரவழைத்தோம். அந்த அளவில் இனி வருவது சந்தேகம் என்று விற்றவரே எழுதியிருந்தார். பொட்டலம் சுங்கத்தில் மாட்டி, கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மாலைதான் வீடு வந்தது. மறுநாள் பொருத்திவிட்டால் சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கலாம், ஞாயிறு முகூர்த்தம்.

நான் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லியாக வேண்டும். பேரிங்கைப் பொருத்தும் நிமிடம் வரை உறையைப் பிரிக்கக் கூடாது. படித்ததுதான், வேலையிடத்தில் மற்றவர்களுக்கு நானே சொல்வதுதான். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எண்ணெய்த் தாளைப் பிரித்து எடுத்து, உருளைகளை வெளிவளையத்துக்குள் வைத்து மெல்லச் சுற்றினேன். சத்தமே இல்லை. கையில் கல்லாகக் கனத்த இரும்பு சுற்றும்போது கனத்தை எங்கோ வைத்துவிட்டு வந்தது போல் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். மருதாணிக் கையோடு வந்து ஒரு விரல் நுனியால் சுற்றியவள், "தண்ணி மாதிரி இருக்குடா" என்றாள். மறுபடி சுற்றினாள். அப்பாவும் வந்து எட்டிப் பார்த்தார். இரண்டையும் சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, இன்னொரு துணியால் மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் குளித்துவிட்டு வந்தால் வீடெல்லாம் சூட வாசனை. வெள்ளிக்கிழமை. மேலே கிடந்த துணியைக் காணவில்லை. இரண்டு பேரிங்குகளின் மேலும் மூன்று பட்டையாகத் திருநீறு, நடுவில் குங்குமப் பொட்டு. தண்ணீரில் குழைத்துப் பூசியிருந்தார் அப்பா. வழிந்தது உருளைகளுக்கு இடையில் இறங்கியிருந்தது.

நான் ஒன்றை எடுத்துச் சுற்றினேன். மணல் அரைபடும் சத்தம். நேற்று இருந்த பொருளே இல்லை அது.

"எல்லாத்துக்குமா பூசணும், பா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்பாவுக்குப் புரியவில்லை. "ஓடப் போற சாமான்டா. பூசாம எப்படி அனுப்புறது? என் பஸ்ஸு ஸ்டியரிங்ல பூசாத வெள்ளிக்கிழமை கிடையாது."

ஸ்டியரிங் வேறு, இது வேறு, இதற்குள் ஒரு தூசி போனாலும் பழையபடி குழி விழும், வேறு வாங்கவும் முடியாது என்று படபடவென்று சொன்னேன். பாடம் நடத்துவது போல. அவர் என் கையிலிருந்ததை வாங்கி, தானும் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "விடுடா. நான் போன் போட்டு அவங்க வெள்ளைக் காடியையே வரச் சொல்லிடறேன்" என்றாள். என்னிடம் சொன்னாலும் அப்பாவைத்தான் பார்த்தாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் நண்பன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவலாம், ஆனால் உள்ளே எல்லாம் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றான். ஒரு முறை கழுவினோம், மண்ணெண்ணெய் சிவந்தது. இரண்டாவது முறை சிவப்பு தெரியவில்லை. இனிமேல் கண்ணுக்குத் தெரியாததுதான் கவலை.

அப்போது அப்பா மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு புதிய கோப்பித் துணி, கடைகளில் கோப்பி வடிகட்டுகிற, கம்பி வளையம் போட்ட வெள்ளைப் பை. அதை வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு, "இதுல ஊத்து" என்றார்.

ஊற்றினோம். தெளிவாக இருப்பதாக நாங்கள் நினைத்த மண்ணெண்ணெய் துணியில் ஒரு சாம்பல் வட்டத்தை விட்டுவிட்டுப் போனது. நண்பன் என்னைப் பார்த்தான். என் நான்கு வருடப் படிப்பில் எனக்கு இது தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் புது மண்ணெண்ணெய், கழுவல், அப்பாவின் துணி. துணியைச் சோப்புப் போட்டு அலசி, உதறி, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் பிடிப்பார். ஆறாவது முறை இரண்டு புள்ளிகள். ஏழாவது முறை ஒன்று. ஒன்பதாவது முறை துணி வாங்கி வந்தது போலவே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த வெள்ளையை அதிசயம் போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பேரிங்கில் எண்ணெய் விட்டுச் சுற்றி அப்பாவின் காதருகே கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றார். அவர் சொன்னதிலேயே சந்தோஷமான வார்த்தை அன்றைக்கு அதுதான்.

பொருத்துவதிலும் ஒரே ஒரு வாய்ப்புத்தான். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் மெல்லிய குழாய் ஒன்று வரும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, உருளைகள் சரியான அழுத்தத்தில் உட்காரும். கொஞ்சம் கூடிப்போனால் தளர்த்திப் பயனில்லை, நசுங்கியது நிமிராது. அழுத்தத்தை அளக்க நண்பன் தண்டில் நூலைச் சுற்றி, மறுமுனையை மீன் நிறுக்கிற சுருள்தராசில் மாட்டி இழுத்தான். கையேட்டில் சொன்ன அளவுக்குத் தராசு எவ்வளவு காட்ட வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுச் சுவரில் எழுதினேன். நட்டில் மாட்டிய ஆளுயரக் கம்பியில் நான் தொங்க, ஒரு நூலிழை அளவுக்கு நட்டு நகரும். அவன் இழுத்துப் பார்ப்பான். இன்னும். இழுப்பான். முள் கோட்டைத் தொட்டது.

"போதும் மச்சான். கையை எடு."

கையை எடுத்தேன். தண்டை ஒரு விரலால் தள்ளினேன். கெட்டித் தேனில் சுற்றுவது போல, நிதானமாக, ஒரே சீராகச் சுற்றி நின்றது.

பெட்டியைக் காடியில் திரும்ப மாட்டி, சனிக்கிழமை பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ஓட்டினேன். அறுபது. எண்பது. தொண்ணூறு. முனகல் இல்லை. அந்தச் சத்தம் இத்தனை நாள் மூடி வைத்திருந்ததெல்லாம் கேட்டது. டயர் தார் மேல் உருளும் சத்தம், ஜன்னல் ஓரத்துக் காற்று, இருக்கையின் தோல் உரசுவது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வெள்ளைக் காடி வேண்டாம் என்றாள்.

ஞாயிறு காலை அக்காவை உட்கார வைப்பதே பெரும்பாடு. பட்டுச்சேலை, மாலை, பூ ஜடை. தாழ்ந்த இருக்கையில் அவளை அப்பா கையைப் பிடித்து இறக்கினார். மிச்ச இடமெல்லாம் சேலைதான், கியரைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஜொகூர் பாருவுக்குப் போகும் சாலையில் அவள் ரகசியம் பேசும் குரலில் பேசிக்கொண்டே வந்தாள். பயமாக இருக்கிறது என்றாள். பத்து பாகாட் எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டாள். நானும் மெதுவாகவே பதில் சொன்னேன். எங்கள் இருக்கைக்குப் பின்னால், அந்த இரும்புப் பெட்டிக்குள், எண்ணெய்ப் படலத்தின் மேல் அத்தனை உருளைகளும் அவளையும் என்னையும் தாங்கிக்கொண்டு உருண்டன. எனக்கு அது தெரிந்தது, கேட்கத்தான் இல்லை.

கோயில் திருப்பம் வந்தபோது அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முகூர்த்தத்துக்கு நேரம் இருக்குடா. இன்னொரு சுத்து போலாமா?"

நான் திரும்பாமல் நேரே போனேன்.