சட்டையில்லாத தோளும் ஒரு ஜெல்லும்

போன வாரம் ஓர் எட்டு மாதக் குழந்தையைப் பார்த்து நான் துள்ளி விலகினேன். அதுவும் கோவில் வரிசையில்!

ஊர் வம்பையெல்லாம் வாராவாரம் இங்கே எழுதுகிறேன். இந்த வாரம் என் வம்பு.

வயது ஐம்பத்து மூன்று. மலையாளம் பேசுகிற இந்த ஊரின் ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபார மளிகைக் கடை. கொஞ்ச நாளாக மதியமானால் மிளகாய் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிடுகிறேன். ஆசை, ரோஷம் எதுவுமில்லை. மனைவி மீனாவிடம் சண்டை போடக்கூடத் தெம்பில்லை என்றால் பாருங்களேன்! இரண்டு நாள் காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "டெஸ்டோஸ்டிரோன் ரொம்பக் குறைவு" என்றார். ஊசியா, ஜெல்லா? முடிவு என் கையில்.

ஊசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஜெல் தினமும் தோளில் தடவுவது. காய்ந்ததும் சட்டை போட்டு மூடிவிட வேண்டும். பெண்கள், குழந்தைகள் மேல் பட்டுவிடக் கூடாது. எனக்கு ஊசி என்றாலே நடுக்கம். அதைவிட, ஊசி போடுகிறவர் வழியாகக் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டால்? சுகர் இருக்கிறது என்று ஊருக்கே சொல்லலாம், பிரஷர் என்று பெருமையாகக்கூடச் சொல்லலாம். இதைச் சொல்ல முடியுமா? ஜெல் என்றால் பாத்ரூமோடு போச்சு!

ஜெல்லே வாங்கினேன். இந்த ஊர்க் கோவிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? இருபது வருடமாக விடிகாலையில் போகிறவன். ஆனால் பழகிய கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. குளித்தேன், தடவினேன், சட்டை போட்டேன்... கோவில் வாசலில் கழற்றினேன். நாலு நாள் இப்படியே!

ஐந்தாம் நாள், எனக்கு முன்னால் ஓர் இளைஞர். அவர் தோளிலிருந்த பெண்குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. இரண்டு கையையும் நீட்டி என் தோளில் சாய வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. "ஐயோ, தொடாதே!" என்று பின்னால் குதித்தேன்.

வரிசையே திரும்பியது. இளைஞரின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, எங்க கொச்சு தொட்டா உங்களுக்கு அயித்தமா? இந்தக் காலத்துலயுமா?"

அயித்தம்! தீண்டாமை பார்க்கிறவன் என்று நினைத்துவிட்டார். நான் அடியோடு வெறுக்கிற விஷயம். பேசாமல் நின்றால் என் ரகசியம் பத்திரம். ஆனால் அந்தத் தகப்பன் அவமானத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவாரே...

சொல்லிவிட்டேன். சத்தமாகவே.

"தம்பி, எனக்கு ஆம்பளை ஹார்மோன் குறைவு. அதுக்குத் தோளில மருந்து தேச்சிருக்கேன். பிள்ளை மேல பட்டா அதுக்குக் கேடு. அவ்வளவுதான்."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஒரு ரிட்டயர்டு ஆபீசர் மட்டும் என் காதருகே குனிந்து, "ஊசியோ ஜெல்லோ, ஏதாணு நல்லது? எனக்கும் எழுதித் தந்நிருக்கு. வீட்டுல பறயல" என்றார். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்!

"கோவில் காரியம் என்கிட்ட பறஞ்ஞில்லல்லோ சேட்டா!" என்று, நான் சொல்லாமல் விட்டதற்குத் தலையில் அடித்துக்கொண்ட டாக்டரம்மா ஊசிக்கு மாற்றினார். மீனாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அத்தனை பேர் முன்னாலயா சொன்னீங்க? நீங்களா!" இருபத்தாறு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. ஊசி வலித்ததா? வலித்தது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

நேற்று அதே வரிசை, அதே இளைஞர். குழந்தை மறுபடி கையை நீட்டியது. அவர் தயங்கினார்.

"இப்ப தொடலாமா, அண்ணாச்சி?"

"ஊசிக்கு மாறியாச்சு தம்பி. பிள்ளையை இங்க தா!" — வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும்.