புரட்டாசியில் அக்கா கரையில் இருப்பார்

"பனியன் கம்பெனியில உழைச்சா, உன்னையப் படிக்க வச்சா. அதை எழுது, போதும். சுறாக் கதையெல்லாம் நினைவு மலர்ல எதுக்குல?" என்று பெரியப்பா போனில் சொன்னார். எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. தம்பியாகிய நான் எழுத உட்கார்ந்தால் சுறாதான் முதலில் வருகிறது. பெரியப்பா மன்னிக்க வேண்டாம், படித்தால் போதும்.

அக்கா பிறந்தது திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு சிற்றூரில். அப்பா இறந்ததும் பதினெட்டு வயதில் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தார். முதலிபாளையத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர் கடைசிவரை எழவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பொய். வருடத்தில் பத்து நாள் எழுந்து, ஊர்க் கடலுக்குச் சுறா பிடிக்கப் போனார்.

எந்தப் பத்து நாள் என்பதில்தான் சண்டை. "சுறாவுக்கு மாசிதான்" என்பார் பெரியப்பா.

"மாசி, வள்ளம் வச்சிருக்கவுகளுக்கு. கரையில நிக்கவளுக்குப் புரட்டாசிதான்" என்பார் அக்கா. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து கடல் தெளிந்ததும் சாளை மீன் கரையை ஒட்டி வரும். அதைத் தின்னப் பால்சுறா வரும். கம்பெனி மொட்டை மாடியில் காயும் துணி படபடப்பதை நிறுத்தினாலே அக்காவுக்கு அது தெரிந்துவிடும்.

தீபாவளி ஆர்டர் குவியும் நேரமும் அதுதான். "இப்பப் போனீங்கன்னா மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவேனுங்க" என்பார் சூப்பர்வைசர்.

"குடுங்க. வந்து வாங்கிக்கிடுதேன்" என்பார் அக்கா.

ஊரிலோ, பொம்பளைப் பிள்ளை தூண்டில் போடுவதா என்று ஏச்சு. கயிறு அறுக்காமலிருக்கக் கம்பெனி வேஸ்ட் துணியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, ஏசுகிறவர்கள் பார்க்கவே தூண்டிலை வீசுவார். அந்தச் சுறாப் புட்டைத் தின்றுதான் என் மனைவி எங்கள் மகளுக்குப் பால் கொடுத்தாள். ஏசியவர்கள் வீட்டுக்கும் பங்கு போனது. யாரும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

போன வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. எங்கும் கூட்டிப்போகக் கூடாது என்று உறவெல்லாம் ஒரே குரல். நானும் தயங்கினேன், வெட்கத்தோடு எழுதுகிறேன். என் மனைவி அவிநாசிக்காரி, கல்யாணத்துக்கு முன் கடலையே பார்க்காதவள். "அக்கா போகோணும்ங்கறாங்க. ஊர் என்ன சொன்னா நமக்கென்னங்க? காரைக் கூப்பிடுங்க" என்றாள்.

கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா. தூண்டில் கயிறு என் மனைவி கையில். சுறா இழுத்த இழுப்பில் அவள் மணலில் முழங்கால் ஊன்றினாள். அக்கா பின்னாலிருந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, "விட்றாத தாயி, நான் புடிச்சிருக்கேன்" என்றார். அந்தக் கையில் பலமே இல்லை. ஆனாலும் சுறா கரையேறியது. பெரியப்பா தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார். ஆறாம் நாள் அக்கா கண்ணை மூடினார்.

கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், கம்பெனித் தையல் லைனில் அக்காவின் பங்கையும் சேர்த்துத் தைத்த பெண்களுக்கும், வருடம் தவறாமல் மிரட்டிவிட்டு ஒருமுறைகூட மெஷினை யாருக்கும் கொடுக்காத சூப்பர்வைசருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஏசிய உறவினர்களுக்கும் நன்றி. நீங்கள் ஏச ஏசத்தான் அக்கா நிமிர்ந்து நின்றார்.

ஊர் மாதா கோயிலில் நினைவுத் திருப்பலி முடிந்ததும் இந்த மலர் உங்கள் கைக்கு வரும். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் எங்களைத் தேட வேண்டாம். கச்சான் ஓய்ந்துவிட்டது. என் மனைவி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கரையில் நிற்பாள். பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள நான் இருப்பேன்.