இதில் 'இல்லை' இல்லை

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட் அக்கா. லிஃப்டை இயக்குபவர் அல்ல, லிஃப்டுக்குள் பேசுபவர். "கதவுகள் மூடுகின்றன", "மேலே செல்கிறது" என்று பல கட்டடங்களில் கேட்கும் குரல் அவருடையது.

முன்பு ஒரு சின்னக் கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தார். "சற்றுக் காத்திருங்கள்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் சொல்வது என்று சலித்துப்போய், ஒருமுறை அதைப் பதிவுசெய்து ஓடவிட்டார். அதைக் கேட்ட ஒரு வாடிக்கையாளர், இந்தப் பெண்ணுக்குக் கோபமே வராது போலிருக்கிறதே என்று வியந்தாராம். வீட்டில் அதைச் சொன்னபோது கணவர் சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரை கேட்டது. ஆனால் இந்த வேலை கிடைத்தது அப்படித்தான். அந்த வாடிக்கையாளர் லிஃப்ட் பொருத்தும் கம்பெனி வைத்திருந்தார்.

அக்காவின் ஒலிப்பதிவுக் கூடம் படுக்கையறையின் துணி அலமாரி. கதவு இரண்டையும் திறந்துவைத்து, பின்பக்கம் தடிமனான போர்வையைத் தொங்கவிட்டு, கணவரின் கோட்டுக்கும் தன் குளிர்ச்சட்டைக்கும் நடுவே மைக்கை நிறுத்துவார். மின்விசிறியை அணைத்து, குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலையை உள்ளே நீட்டிப் பேசுவார். பிடுங்கியதை மறுபடி செருக மறந்து பால் திரிந்ததும் உண்டு.

பழைய கம்ப்யூட்டர் செத்தது ஒரு பென்டிரைவால். யாரோ வாசகங்களை அதில் போட்டுக் கொடுத்தார்கள். செருகியதும் அக்காவின் கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. பல வருஷக் குரல் ஒரே மத்தியானத்தில் போயிற்று. அந்தப் பென்டிரைவை மட்டும் அவர் தூக்கி எறியவில்லை. ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, மேலே சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு வைத்தார். எதற்கு என்று கணவர் கேட்டதற்கு, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று என்றைக்காவது பார்க்கவேண்டும் என்றார்.

சூடு கண்ட பூனை ஆயிற்றே, புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் காவலுக்கு ஆள் மேல் ஆள் சேர்ந்தது. கடைக்காரர் தன் பங்குக்கு ஓர் ஆன்டிவைரஸை இலவசமாக ஏற்றிக் கொடுத்தார். ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார், "கடையில போட்டதை நம்பாதீங்க அண்ணி" என்று தன் அலுவலகத்தில் இருப்பது போன்ற ஒன்றை ஏற்றினாள். கணவர் விளம்பரத்தில் பார்த்து, வேகத்தைக் கூட்டும் என்று ஒன்றைப் போட்டார். அது கூட்டியது அவர் பெருமையைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புது மருத்துவமனையின் வேலை வந்தது. லிஃப்ட், வரவேற்பறை, கீழ்த்தள வண்டி நிறுத்தம் எல்லாவற்றுக்கும் அக்காவின் குரல். பதிவுசெய்து அனுப்பினார். மறுநாள் லிஃப்ட் கம்பெனியின் மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.

"அக்கா, கீழ்த்தளத்துக்கு அனுப்பினதுல 'இல்லை' இல்லைக்கா."

"என்ன இல்லை?"

"'இல்லை'தான் இல்லை."

இப்படியே கொஞ்ச நேரம் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. ஜெனரேட்டர் அறைக்குப் போகும் கதவருகே ஒலிக்கவேண்டிய வாசகம், "இந்தப் பக்கம் வெளியே செல்லும் வழி இல்லை." வந்து சேர்ந்ததோ, "இந்தப் பக்கம் வெளியே செல்லும் வழி." நல்லவேளையாகப் பொருத்துவதற்கு முன்பே யாரோ கேட்டுவிட்டார்கள். மேற்பார்வையாளர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். முதலாளி கடுப்பில் இருக்கிறார். அடுத்த தடவையும் ஓட்டை இருந்தால் மொத்தத்தையும் இயந்திரக் குரலுக்கு மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு மருத்துவமனை மட்டுமல்ல, இனிமேல் வருவதெல்லாம்.

அக்காவுக்குப் பயம் வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே வேறொன்று வந்துவிட்டது. எங்கே போயிருக்கும் அந்தச் சொல்?

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தான் சொல்ல மறந்திருந்தால் அங்கே மூச்சாவது இருக்கும். வாயை மூடினாலும் மனுஷருக்கு மூச்சு இருக்குமே, போர்வையாவது உரசுமே. இங்கே ஒன்றுமே இல்லை. கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் வெறுமை. ஆக, அவர் சொன்னதை இயந்திரம் விழுங்கியிருக்கிறது. மற்ற பதிவுகளையும் துழாவினார். அவற்றிலும் விழுங்கல்கள் இருந்தன. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விழுந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

மறுபடி பதிவுசெய்து பார்த்தபோது இன்னொன்று பிடிபட்டது. விழுங்குவதற்குச் சற்று முன்னால் கம்ப்யூட்டரின் உள்விசிறி மெல்லச் சுருதி ஏறுகிறது. சாப்பிடப் போகிறவர் கை கழுவுவதுபோல, என்று அக்காவுக்குத் தோன்றியது. எந்தெந்த மென்பொருள் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு விசிறிக்குக் காது கொடுத்தார். சத்தம் ஏறும்போதெல்லாம் இரண்டு பெயர்கள் மாறி மாறி மேலே வந்தன. ஒன்று கடைக்காரருடையது. இன்னொன்று நாத்தனாருடையது.

முதலில் நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். பிறகு, தொலைபேசியில் சொல்லி மனத்தாங்கல் ஆவதைவிட நேரிலேயே காட்டிவிடலாம் என்று கூப்பிட்டார். விடுமுறை நாளில் வந்த நாத்தனார், பட்டியலைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கடைக்காரர் போட்டதை எடுத்துட்டுத்தானே என்னோடதைப் போட்டிருக்கணும். ஒரு உறையில ரெண்டு கத்தி அண்ணி. நீங்க பேசப் பேசக் கோப்பு எழுதிக்கிட்டே இருக்கு. அதை ரெண்டும் போய்ச் சோதிக்குது. போதாததுக்கு ஒண்ணு தொட்டதை இன்னொண்ணு சந்தேகப்படுது."

"திருடனைப் பிடிக்க வந்தவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்களா?"

"அதேதான். நடுவுல உங்க 'இல்லை' நசுங்கிடுச்சு."

எதை எடுப்பது, எதை வைப்பது? நாத்தனார் தன்னுடையதை விட்டுக்கொடுக்காமல் பார்த்தாள். அக்கா வாதம் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் தனியாக வைத்து, அதே வாசகத்தைச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்றார். அந்தச் சொல்லை விழுங்காதது தங்கட்டும்.

கணவரின் வேகம் கூட்டி முதலில் போனது. அது போனதும்தான் கம்ப்யூட்டர் வேகமாகத் திறந்தது. அதைக் கணவரிடம் யார் சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஏகமனதாக முடிவுசெய்தார்கள். அடுத்து, கடைக்காரருடையதை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். விழுங்கவில்லை. ஆனால் காசு கட்டு, காசு கட்டு என்று ஒரு பெட்டி எழும்பி, அக்கா படித்துக்கொண்டிருந்த வரியையே மறைத்தது. அதை எடுத்துவிட்டு நாத்தனாருடையதை மறுபடி ஏற்றினார்கள். அது நூறு பேர் உட்காரும் அலுவலகத்துக்குச் செய்தது, தும்மினாலும் சோதிக்கும். முன்னளவுக்கு இல்லாவிட்டாலும், அங்கங்கே விழுங்கத்தான் செய்தது.

இவ்வளவு நேரமும் அக்கா அலமாரிக்குள் தலையை விட்டு "இந்தப் பக்கம் வெளியே செல்லும் வழி இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு அம்மா, கையைப் பிசைந்தபடி நின்றார்.

"காலையிலேர்ந்து வழி இல்லை, வழி இல்லைன்னு சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருக்கு. எந்தக் கஷ்டமா இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லும்மா. நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

நாத்தனார் சிரிப்பை அடக்கமுடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அக்கா அந்த அம்மாவை உட்காரவைத்து, பென்டிரைவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினார். முழுக்கப் புரியாவிட்டாலும், குடும்பத்தில் சண்டை இல்லை என்ற ஆறுதலோடு அவர் கிளம்பினார்.

பிறகு நாத்தனார் தான் போட்டதைத் தன் கையாலேயே எடுத்தாள். முகம் கொஞ்சம் உம்மென்றுதான் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்ததும், மூலையில் ஒரு சின்னக் கேடயம் தானாக விழித்துக்கொண்டதை அக்காதான் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

"யாரும் போடலை. கம்ப்யூட்டரோடவே வந்தது. வேற ஒண்ணு வந்தா இது ஒதுங்கிக்கும். போனா திரும்ப எழுந்து உட்காந்துக்கும்."

ஆக, வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கத்தான் ஊரெல்லாம் காவலுக்கு ஆள் தேடியிருக்கிறார்கள். அதன் முன்னால் வாசகத்தைச் சொன்னார். விழுங்கவில்லை. இன்னும் சொன்னார். விசிறி முனகக்கூட இல்லை. ஆனால் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, இது காவல் காக்கிறதா, தூங்குகிறதா? அக்கா எழுந்துபோய் மாத்திரை டப்பாவை எடுத்துவந்தார்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கப் போறீங்களா அண்ணி?"

"மடியை முதல்ல காலி பண்ணிடலாம்" என்றார் அக்கா.

பதிவுகளையெல்லாம் வெளியே செருகும் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி அடுத்த அறையில் வைத்தார்கள். நாத்தனார் இணைய இணைப்பைத் துண்டித்தாள். பென்டிரைவைச் செருகியதும் இருவரும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்கள், ஏதோ அது கடித்துவிடும்போல. கேடயம் சிவந்தது. உள்ளே இருந்த ஒன்றின் பெயரைச் சொல்லி, பிடித்துத் தனியே அடைத்துவிட்டதாகத் தெரிவித்தது. பெயர் பல் உடைக்கும் எழுத்துகளும் எண்களுமாக இருந்தது. அக்கா அதை இரண்டு முறை தன் லிஃப்ட் குரலில் படித்துப் பார்த்தார். ஒருவழியாக, உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துவிட்டது.

அவர் சமைக்கும் நேரத்தில் முழுச் சோதனை நடக்கும்படி நாத்தனார் அமைத்துக் கொடுத்தாள். புது ஒலிப்பதிவு போய்ச் சேர்ந்தது. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "'இல்லை' இருக்குக்கா, முதலாளி சரின்னுட்டார்" என்றார்.

அக்காவுக்கு அது போதவில்லை. மருத்துவமனை திறந்தபின் ஒருநாள் கீழ்த்தளத்துக்கே போய், அந்தக் கதவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். கையில் ஸ்கேன் படங்களோடு ஒரு பெரியவர் வழி தேடி வந்தார். "இந்தப் பக்கம் வெளியே செல்லும் வழி" என்று குரல் தொடங்கியதும் அவர் முகம் தெளிந்து கதவை நோக்கி வேகமாக அடியெடுத்துவைத்தார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை" என்றது குரல்.

பெரியவர் நின்றார். திரும்பி, பக்கத்தில் நின்ற அக்காவிடமே முறையிட்டார். "இந்தப் பொம்பளை அதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

அக்கா பதில் சொல்லாமல் வெளியே போகும் வழியைக் கையால் காட்டினார். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.