மோட்டாருக்கு முதல் நம்பர்

எங்கள் வயல் மோட்டாருக்குச் சொந்தமாக ஒரு போன் நம்பர் உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. மோட்டார் ஓடத் தேவையான மூணு பேஸ் கரண்ட் நாளில் சில மணி நேரம்தான் வரும், வந்ததும் பெட்டியே கூப்பிட்டுச் சொல்லும். பதிவு செய்த போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். வீடு தருமபுரத்தில், வயல் கோட்டுச்சேரிக்கு மேற்கே. அப்பா ஆபீசுக்கும் வயலுக்கும் வீட்டுக்கும் பைக்கில் அலைந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பெட்டியை வாங்கச் சொன்னேன். ஒரு அறுவடை முழுக்க நச்சரித்த பிறகு வாங்கினார்.

நச்சரிப்பது எனக்குக் கைவந்த கலை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். போனைப் பேசுவதற்கான கருவியாக மட்டும் என்னால் பார்க்க முடிந்ததே இல்லை. அதற்குள் திசை பார்க்கும் சென்சார் இருக்கிறது, அசைவை உணர்வது இருக்கிறது, வெளிச்சத்தை அளப்பது இருக்கிறது. எங்கள் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது நடந்தே பாத்ரூம் வாசலுக்கு வந்துவிடும். அதன் தலையில் போனை வைத்து ஆட்டத்தைக் கோடு கோடாக வரையவிட்டு, மெஷினின் எந்தக் காலுக்கு அடியில் அட்டை வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து மெஷின் நின்ற இடத்தில் நிற்கிறது. அம்மாவிடமிருந்து பாராட்டு இப்படி வந்தது: "போனுக்குக் கண்ணு இருக்காம், காது இருக்காம். இவளுக்குத்தான் நான் அடுப்படியிலேருந்து கூப்பிட்டா காது கேக்க மாட்டேங்குது."

பெட்டியை மாட்ட கடைக்காரர் வந்த அன்று நானும் வயலுக்குப் போயிருந்தேன். மோட்டார் கொட்டகையில் சிக்னல் எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்று என் போனைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகத் தேடி, ஆன்டெனாவுக்கு இடம் சொன்னவள் நான்தான். அவர் வேலையை முடித்துவிட்டுக் கேட்டார்.

"முதல் நம்பர் யாருதுங்க?"

முதல் நம்பர்தான் பெட்டிக்கு எஜமான். கரண்ட் வந்த சேதி அந்த நம்பருக்கு மட்டும்தான் போகும். மற்ற நம்பர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அந்தப் போனால் மட்டுமே முடியும். அப்பா யோசிக்கவே இல்லை. அண்ணனின் நம்பரைச் சொன்னார். அண்ணன் புதுச்சேரியில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். இரண்டாவது நம்பர் அப்பாவுடையது.

"மூணாவது எதும் போடணுமா?"

"என்னோடத போடுங்க" என்றேன்.

"நீ சும்மா இரு பாப்பா" என்றார் அப்பா. கடைக்காரர் தலை நிமிராமல் சிரித்தார்.

காரணத்தை வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார். பதிவு செய்த நம்பர்களைக் கடைக்காரர் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டுப் போவார். "பொம்பளப்புள்ள நம்பரக் கொண்டுபோயி மோட்டார் கொட்டாய்ல ஒட்டச் சொல்றியா? போறவன் வர்றவன்லாம் பாப்பான். கண்ட நேரத்துல போன் பண்ணுவான்."

"பெட்டி பேசுறதே பொம்பளக் குரல்லதாம்ப்பா. அது மட்டும் கொட்டாய்ல தனியா இருக்கலாமா?"

"பேச்சப் பாரு" என்றாள் அம்மா. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அப்பா பக்கம்தான் தலையாட்டினாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தனியாகக் கிடந்தாலும் புதுச்சேரி ஆட்சியைச் சேர்ந்தது, எல்லாமே அங்கிருந்துதான் வர வேண்டும். நடுவில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் வரிசையாகக் கிடக்கும். பஸ் அவற்றையெல்லாம் கடந்துதான் போகும். ஆனால் ஆர்டர் அங்கிருந்து, கையெழுத்து அங்கிருந்து. மழைக்கு ஸ்கூல் லீவு விடலாமா என்ற யோசனைகூட அங்கே தொடங்கினால்தான் இங்கே குடை விரியும் என்று கேலி செய்வோம். இப்போது எங்கள் மோட்டாரும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. எங்கள் வயலில் கரண்ட் வந்தால் சேதி புதுச்சேரிக்குப் போகும். அண்ணன் அங்கிருந்து அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வான், அல்லது அவனே மிஸ்டு கால் கொடுத்து மோட்டாரைப் போட்டுவிட்டு ராத்திரி பெருமையாகச் சொல்வான். பக்கத்து ரூமில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எதுவும் தெரியாது.

தெரிந்துகொள்ள நான் ஒரு வழி செய்தேன். திரை உடைந்த என் பழைய போனை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தண்ணீர் வெளியே வரும் பைப்பில் ரப்பர் வைத்து இறுக்கிக் கட்டினேன். அதில் அம்மாவின் பழைய சிம். மோட்டார் ஓடினால் பைப் அதிரும், அதிர்ந்தால் போன் உணரும், உணர்ந்தால் என் போனுக்கு ஒரு வரி வரும்: "ஓடுது." நின்றால்: "நின்னுட்டு." அதற்கான புரோகிராமை உட்கார்ந்து எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாடு வரப்பை ஒட்டிப் போனால்கூட முதலில் "ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாட்டு நடைக்கும் மோட்டார் அதிர்வுக்கும் வித்தியாசம் கற்றுக்கொடுத்தேன். பிறகு பொய் சொல்லவில்லை.

ஆக மோட்டார் ஓடுவது எனக்குத் தெரியும், நிறுத்த முடியாது. எங்கள் வீட்டில் எனக்குப் பழகிப்போன நிலைமைதான் அது.

இந்தச் சம்பாவுக்கு அப்பா நடவு வேண்டாம் என்று முடிவு செய்தார். நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. முளைகட்டிய விதையைச் சேற்றில் நேராகத் தெளித்துவிட்டோம். நடவு வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். தெளித்த வயலில் முதல் சில நாள் தண்ணீர் நிற்கவே கூடாது. நின்றால் முளை அழுகிவிடும். தெளித்த அன்றே அப்பா வடிகாலை ஒழுங்காகத் திறந்துவிட்டுத்தான் வந்தார். "தெளிச்சாச்சு" என்று அண்ணனுக்குப் போனில் சொன்னார். தண்ணீர் விடாதே என்று சொல்லவில்லை. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பார். ஆனால் அண்ணன் வயலில் இறங்கிய காலமெல்லாம் நடவுக் காலம். அவன் வளர்ந்ததே ஒரே சத்தத்தில்தான்: கரண்ட் வந்துட்டு, ஓடு, மோட்டாரப் போடு. மூணு பேஸ் வந்தால் மோட்டாரைப் போட்டே ஆக வேண்டும் என்பது அவன் கையில் ஊறிய பழக்கம்.

தெளித்த மறுநாள் காலை, நான் தோசை தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. "ஓடுது."

முதலில் மாடு என்று நினைத்தேன். மறுபடியும் வந்தது. அதற்கும் பிறகு இன்னொன்று. மாடு இவ்வளவு நேரம் நடக்காது.

அப்பாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மேலதிகாரி மீட்டிங் என்றால் போனை மேசை டிராயரில் போட்டுவிடுவார். ஆபீஸ் நம்பரில் எடுத்தவர் "உள்ள மீட்டிங்மா, முடிஞ்சதும் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஃப்டுக்குள் போய்விட்டால் போன் வாசலிலேயே லாக்கரில். கரண்ட் வந்த சேதி அவனுக்கு வாசலில் கிடைத்திருக்கிறது. மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று உள்ளே போயிருக்கிறான்.

கடைசியில் மோட்டாரையே கூப்பிட்டேன். நம்பர் எனக்கு மனப்பாடம். அந்தப் பெண் குரல் பொறுமையாகச் சொன்னது: "இந்த எண் பதிவு செய்யப்படவில்லை."

மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதே பொறுமை.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி, யாரு எடுக்கல?"

"மோட்டாரு எடுக்குதும்மா. நான் யாருன்னு கேக்குது."

கொட்டகைச் சாவியை எடுத்தேன். அம்மாவின் ஸ்கூட்டி. கையைக்கூடக் கழுவவில்லை என்பது பாதி வழியில் ஹேண்டில் பிசுபிசுத்தபோதுதான் தெரிந்தது. போன் பாக்கெட்டில் "ஓடுது, ஓடுது" என்று துடித்துக்கொண்டே வந்தது.

வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்துப் பக்கம் கண்ணாடி மாதிரி தண்ணீர் பரவியிருந்தது. ஓடிப்போய்க் கொட்டகையைத் திறந்து மெயினை இறக்கினேன். மோட்டார் முனகி அடங்கியது. பாக்கெட்டில் ஒரு துடிப்பு: "நின்னுட்டு." சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியுடன் வரப்பில் இறங்கினேன். திறந்துவிட்ட வடிகாலில் அந்த வேகத்துக்கு வந்த தண்ணீர் வடியவில்லை. பள்ளத்து வரப்பை வெட்டினேன். முதல் வெட்டு மண்ணில் விழுந்தது, இரண்டாவது கிட்டத்தட்ட என் காலில்.

பக்கத்து வயல்காரரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். சொந்தம் கிடையாது, வரப்புதான் உறவு. தன் வரப்பில் நின்று பார்த்தார்.

"ஏன் பாப்பா, போன்லயே தண்ணி பாச்சுறீங்கன்னாங்க. போன்லயே வடிக்க முடியாதா?"

"வடிக்கிற போன் இன்னும் வரலப் பெரியப்பா. வந்தா மொத ஆளா ஒங்களுக்கு வாங்கித் தர்றேன்."

"அங்க வெட்டாத, இந்தாண்ட வெட்டு. அது என் வயலுக்கு வரும்." சொல்லிவிட்டு அவரும் மண்வெட்டியோடு இறங்கினார். தன் வயலைக் காப்பாற்றத்தான். ஆனாலும் தண்ணீர் வேகமாக இறங்கியது. சேற்றில் வெள்ளை வெள்ளையாக முளைகள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. பார்க்கச் சகிக்கவில்லை.

"மெயின ஆஃப் பண்ணியாச்சுல்ல, அப்படியே பூட்டிட்டுப் போ" என்றார் பெரியப்பா. "ஒங்கப்பா வந்து பாத்துக்குவாரு."

பூட்டப் போனேன். பெட்டியின் மேல் ஸ்டிக்கர்: அண்ணன் நம்பர், அப்பா நம்பர், கீழே காலி வரிகள். இன்று பூட்டிவிட்டுப் போனால் நாளை அப்பா வந்து மெயினைப் போடுவார். அடுத்த முறை கரண்ட் வரும்போது சேதி மறுபடி புதுச்சேரிக்குப் போகும். நான் மறுபடி தோசையைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டும். எதற்கு?

பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை வீட்டில் படித்த ஒரே ஆள் நான். மூடிக்குள் ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கிப் பிடித்தால் எல்லா நம்பரும் அழிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் போனிலிருந்து முதல் அழைப்பு வருகிறதோ, அதுதான் முதல் நம்பர். மெயினைப் போட்டேன். மூடியைக் கழற்றினேன். சேற்று விரலால் அமுக்கிப் பிடித்தேன். விளக்கு சிவப்பாகி, அணைந்து, பச்சையானது. என் போனை எடுத்துக் கூப்பிட்டேன்.

"வணக்கம். உங்கள் எண் முதன்மை எண்ணாகப் பதிவு செய்யப்பட்டது."

பழைய ஸ்டிக்கரைக் கிழித்தேன். பையில் கிடந்த மார்க்கரால் பெட்டியின் மேல் என் நம்பரைப் பெரிதாக எழுதினேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கட்டும் என்றே பெரிதாக.

சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து நேராக வயலுக்குப் போய்விட்டு வந்தார். செருப்பை விடும் முன்பே தொடங்கிவிட்டார்.

"மோட்டாருக்குப் போன் போட்டா பதிவே செய்யலங்குது. என் மோட்டாரு என்னையே யாருங்குது."

"எனக்கும் காலையில அதத்தாம்ப்பா சொல்லிச்சு."

அவர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். சேறு காய்ந்த என் சுடிதார் கொடியில் கிடந்தது. அதைப் பார்த்தாரா என்று தெரியாது.

அதற்குள் அண்ணன் கூப்பிட்டுவிட்டான். ஷிஃப்ட் முடிந்து மோட்டாரைக் கூப்பிட்டவனுக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கிறது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "யாரக் கேட்டு மாத்தினா அவ? அப்பா, நாளைக்கே கடக்காரரக் கூப்பிட்டுப் பழையபடி போடச் சொல்லுங்க."

"கூப்பிடுங்க" என்றேன். "அவரு போட்டுட்டுப் போவாரு. நான் போயித் திரும்ப அமுக்குவேன். எத்தன தடவ வருவாருன்னு பாப்போம்."

"திமிர் பாத்தீங்களாப்பா? நான் என்ன வேணும்னா பண்ணினேன்? கரண்ட் வந்துச்சு, போட்டேன்."

"வேணும்னு பண்ணலண்ணா. ஒனக்கு இங்க என்ன நடக்குதுன்னு தெரியல, அவ்வளவுதான். அது தப்பில்ல. தெரியாத எடத்துலேருந்து சுவிட்ச் போடறதுதான் தப்பு."

அம்மா தண்ணீர்ச் சொம்பை அப்பாவிடம் நீட்டியபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அவ ஓடலன்னா முழு வயலும் போயிருக்கும்."

அப்பா குடித்து முடித்தார். போனை நோக்கி "அப்பறம் பேசுறேன்டா" என்று வைத்தார். பிறகு என்னிடம் கேட்டார். "மேட்டுப் பக்கம் பொழைக்குமா?"

"பொழைக்கும். பள்ளத்துல திரும்பத் தெளிக்கணும்."

"விதை இருக்கு" என்றார். பெட்டியில் எழுதியிருந்ததை நிச்சயம் பார்த்திருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

விதை முளைகட்டியதும் பள்ளத்தில் இரண்டாம் முறை தெளித்தோம். கரையேறிக் கால் கழுவும்போது அப்பா தன் போனை என்னிடம் நீட்டினார். "என் நம்பர அதுல ஏத்து." மன்னிப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஏற்றினேன். இப்போது அவர் இரண்டாவது நம்பர்.

அப்பா பயந்த மாதிரி அந்நியர்கள் யாரும் கூப்பிடவில்லை. பெரியப்பா மட்டும் கூப்பிடுகிறார். தன் மோட்டாருக்கும் இப்படியொரு பெட்டி மாட்ட வேண்டுமாம். எந்தப் பெட்டி நல்லது என்று கேட்கிறார். முதல் நம்பர் யாருடையது என்று நான் கேட்டதற்கு, "எம் பொண்டாட்டியோடது. நான் போன எங்க வெச்சேன்னே எனக்குத் தெரியாது" என்றார்.

அண்ணனின் நம்பரை இன்னும் சேர்க்கவில்லை. மூன்றாவது வரி காலியாகத்தான் இருக்கிறது. சேர்க்க மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. அவனுக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதுவரை அவன் அப்பாவிடம் கேட்டிருக்கிறான், அம்மாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறான், கடைக்காரரிடம்கூடப் பேசியிருக்கிறான். என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் அன்றே போடுவேன்.