மகளுக்குப் போர்த்திய துண்டு

கரையான்சாவடியில் வாங்கிய முறுக்கைக் கடித்த மகள் ஆவென்று அழுதாள். முறுக்கில் ஏதோ ஒட்டியிருந்தது. கல் என்று நினைத்துக் கடைக்காரரைத் திட்டினேன். கையில் எடுத்துப் பார்த்தால் பழுப்பாக ஒரு பல் துணுக்கு! அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல் முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. பக்கத்துப் பற்களும் ஈறோரம் அரித்துப்போயிருந்தன. மூன்றரை வயதுக் குழந்தை. தினமும் முத்தம் கொடுக்கிற வாய், ஒருநாளாவது உள்ளே பார்த்தேனா?

பல் டாக்டரம்மா பதறவேயில்லை. அதுவே எனக்கு இன்னோர் அதிர்ச்சி.

"ராத்திரி பால் பாட்டிலோட தூங்குவாளா? சர்க்கரை போடுவீங்களா?"

இரண்டுக்கும் தலையாட்டினோம், நானும் மனைவியும்.

"அதுதான் முக்கியக் காரணம். ஆனா எனாமலும் பலமா இல்ல. வைட்டமின் டி எவ்வளவு இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. குழந்தை வெயில்ல விளையாடுவாளா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மகள் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாம் "அப்பா கலர்" என்று ஓர் இழுப்பு இழுத்தார்கள். பள்ளியில் 'கரிச்சட்டி' என்று பெயர் வாங்கியவன் நான். என் மகளுக்கு அது வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஐயப்பன்தாங்கல் பிளாட்டில் பால்கனிக்குக் கெட்டியாகத் திரை போட்டேன். பகலில் அவளைக் கீழே விளையாட விட்டதே இல்லை. பைக்கில் போனால் தலைமுதல் கால்வரை துண்டு.

தெருமுனை இஸ்திரிக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். "இன்னா சார், பாப்பாவ எப்பப் பாத்தாலும் மூடிகினே போறீங்க? வெயிலு இன்னா கட்ச்சித் துண்ணுடுமா?"

சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். உனக்கென்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு திமிர் வேறு.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்று வந்தது. மண்டையைப் பிளக்கும் சென்னை வெயிலில் இருந்துகொண்டு, வெயிலே படாமல் ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதித் தந்தார், பற்களை அடைக்க நாள் குறித்தார். பால் பாட்டிலை அன்றே குப்பையில் போட்டோம்.

மறுநாள் காலை அவளை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நல்ல வெயில்.

"போய் ஓடி விளையாடுடா செல்லம்" என்று இறக்கிவிட்டேன்.

ஓடினாள். கொடியில் யாரோ காயப்போட்டிருந்த போர்வைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். குனிந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள்.

"வேணாம்ப்பா. வெயில்ல நின்னா உன்ன மாதிரி ஆயிடுவேன்."

துண்டைப் போர்த்தும்போதெல்லாம் நான் விளையாட்டாக அவளிடம் சொன்னதுதான்.