இலையில் மிச்சம் வைக்காதவர்

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து மரியாதையை வெளியூர்க்காரர்கள் மெச்சிப் பேசும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். வார்த்தைக்கு ஒரு 'ங்க' போடுகிறோம், உண்மைதான். அந்த 'ங்க'வுக்குப் பின்னால் எத்தனை பொய் ஒளிந்திருக்கிறது என்று தெரியவேண்டுமானால், எங்கள் தெரு டாக்டரம்மாவின் பெஞ்சில் ஒரு காலைநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் நான் மாதம் தவறாமல் உட்கார்ந்தேன். கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு எனக்கும் பிரஷர் வந்திருந்தது. டாக்டரம்மாவின் அறைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். உள்ளே பேசுவது அத்தனையும் வெளியே கேட்கும்.

"மாத்திரை டெய்லி சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறனுங்க."

பெஞ்சில் பதினொரு பேர் இருந்தால் பதினொரு பேருக்கும் அதே பதில்தான். வெளியே வந்ததும் வேறு பேச்சு. ஒருவர், தலை சுற்றினால் மட்டும் போட்டுக்கொள்வாராம். இன்னொருவர் போன மாதத்தோடு நிறுத்திவிட்டார். "நார்மலுன்னு சொல்லிப்போட்டாங்களே, அப்பறம் என்னத்துக்குங்க மாத்திரை?" மாத்திரை போட்டதால்தான் நார்மல் என்று விளக்கினேன். "செரிங்க சார்" என்றார். அந்தச் 'செரிங்க'வும் அதே ரகம்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் முப்பது வருஷம் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போன குரல் அது.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் நெல்லும் வாழையுமாக விவசாயம். அவருடைய அப்பா இதே பிரஷரைக் கவனிக்காமல் விட்டு, ஒரு நாள் வரப்பில் விழுந்து, வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு ஆறு வருஷம் கட்டிலில் கிடந்தார். அவருக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டியவர் இந்த மச்சான்தான். அதனால் அவருக்கும் பிரஷர் என்று தெரிந்ததும் என் மனைவி அழுது அடம்பிடித்து, எங்கள் டாக்டரம்மாவிடமே காட்ட வைத்தாள். மாதம் ஒரு முறை முந்தின நாளே பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் தங்குவார். அவர் வந்தால் வாழைப்பழச் சீப்பும் வரும், பொய்யும் வரும்.

அந்த முறை வந்த சாயங்காலம், தங்கைக்குக் கொண்டுவந்த பழத்தை எடுப்பதற்காகப் பையை மேஜைமேல் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகளும் விழுந்தன. கண்ணில் பட்டதை எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மூன்று அட்டை, முப்பது மாத்திரை கொடுத்திருந்தார்கள். கணக்குப்படி மறுநாளுக்கு ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும். ஐந்து இருந்தன.

"என்னங்க மச்சான், அஞ்சு இருக்குது?"

"தோட்டத்து வேலைல நாலு நாள் உட்டுப்போச்சுங்க மாப்ள. ஏனுங், பள்ளிக்கூடத்துலதான் ரிட்டையர் பண்ணிப்போட்டாங்களே, இன்னும் பரீட்சை வெக்கறீங்களே!" என்று சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா எங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். திரையைத் தாண்டும்போதே மச்சான் தள்ளாடி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை. டாக்டரம்மா பிரஷர் பட்டையைக் கையில் சுற்றி இரண்டு முறை பார்த்தார்.

"பிரஷர் மேல் அளவே தொண்ணூறுதான் இருக்குதுங்கய்யா, ரொம்பக் கம்மி. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

மச்சான் மூன்று வெற்று அட்டைகளை மேஜையில் வரிசையாக வைத்தார். "முப்பதும் தீந்துபோச்சுங்க."

"அப்படின்னா இந்த மருந்து உங்களுக்கு ஜாஸ்தி. கொஞ்ச நாளைக்கு நிறுத்தியே பாக்கலாம்."

மயக்கத்திலும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். பரிசு வாங்கிய பையனின் முகம். எனக்கோ அவருடைய அப்பாவின் கட்டில்தான் கண்முன் வந்தது.

"நிறுத்தாதீங்க டாக்டரம்மா. நேத்து சாயங்காலம் அந்த அட்டைல அஞ்சு இருந்துச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அஞ்சையும் ஒண்ணாவா போட்டீங்க?"

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. "மிச்சம் வெச்சா உங்க மனசு சங்கடப்படுமேன்னுதானுங்க... எலைல போட்டதை மிச்சம் வெச்சு எந்திரிச்சா, போட்டவங்களுக்கு எப்படி இருக்கும்?"

இதுதான் எங்கள் மரியாதை. மாத்திரையை விருந்துச் சாப்பாடு என்றும், கொடுத்தவரைப் பரிமாறியவர் என்றும் நினைப்பது. உயிர் போனாலும் போகட்டும், இலை காலியாக இருக்க வேண்டும். அவரை நாள் முழுக்க அங்கேயே படுக்கவைத்து, மணிக்கொரு தரம் பிரஷர் பார்த்தார்கள். நான்கு நாள் விட்டுப் போடவும் கூடாது, விட்டதைச் சேர்த்துப் போடவும் கூடாது என்று டாக்டரம்மா கத்தியது திரைக்கு வெளியே தெருவரை கேட்டிருக்கும். மருந்து மட்டும் நிற்கவில்லை.

வீட்டில் எனக்குத்தான் வசவு. "எங்கண்ணன் மானத்தை நாலு பேரு முன்னால வாங்கிப்போட்டீங்களே!" என்றாள் மனைவி. பெஞ்சில் இருந்தவர்கள் நாலு பேர் அல்ல, ஒன்பது பேர். அதைச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு போட ஆளில்லை.

மறுநாள் மச்சான் ஊருக்குக் கிளம்பும்போது தங்கையிடம் மட்டும் "வாரேன் அம்மணி" என்றார். அதற்கப்புறம் அவருக்கு நான் மாப்பிள்ளை இல்லை, வாத்தியார். ஒவ்வொரு மாதமும் வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அட்டைகளை என் முன்னால் வீசுவார். "எண்ணிக்கங்க வாத்தியாரே." எண்ணுவேன். சரியாக ஒன்றுதான் இருக்கும். மருந்தின் மீது நம்பிக்கை வந்து சாப்பிட்டாரென்று எண்ணிவிட வேண்டாம். என்மேல் இருந்த கடுப்பில் சாப்பிட்டார். கடுப்பில் விழுங்கினாலும் மாத்திரை வேலை செய்கிறது. கையும் காலும் இழுத்துக்கொள்ளாமல், அவரே வரப்பில் நடந்து மகள் கல்யாணத்துக்கு வாழைமரம் வெட்டிக்கொண்டு வந்தார்.

அந்தக் கல்யாணப் பந்தியில் எனக்கு இரண்டு ஜாங்கிரி வைத்துவிட்டார்கள். ஒன்றைத் தொடாமல் விட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"மிச்சம் வெக்கறீங்களா வாத்தியாரே? பந்தி முழுக்கச் சொல்லிப்போடுவேன்!"

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். வயிறு நிறைந்தால் மிச்சம் வைப்பதில் தப்பில்லை என்றேன் நான். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, என் டம்ளரை எடுத்து, நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, அடுத்த இலையை விசாரிக்கப் போனார்.