செய்தி மலரை நடத்தியது யார்?

போன வாரம் முழுக்க எனக்கு ரத்தக் கொதிப்பு. மாத்திரை போட்டும் இறங்கவில்லை. காரணம், முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம்.

டில்லியில் ஒரு வானொலி நிலையம்... பெயர் வேண்டாம், தினமும் முகத்தில் விழிக்கிறவர்கள். அங்கிருந்து வாராவாரம் ஒலிபரப்பான தமிழ்ச் செய்தி மலரின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். “பிழை மட்டும் பார்த்துக் கொடுங்க சார்” என்று அனுப்பினார்கள். ஒற்றுப் பிழைகள் ஏராளம். திருத்தினேன். பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்ததோ வேறு ரகப் பிழை.

யமுனையில் வெள்ளம் வந்த வருடம். கரையோரக் குடிசைகளில் இருந்த தமிழ்க் குடும்பங்களைச் செய்தி மலர் நேரில் போய்ப் பேட்டி எடுத்தது. கட்டிலின் மேல் கட்டில் போட்டு, கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், “சுத்தித் தண்ணிதான், குடிக்க ஒரு சொட்டு இல்ல” என்றாள். நானே கேட்ட நிகழ்ச்சி. மறுநாள் அங்கே குடிநீர் லாரி போனது.

புத்தகம் என்ன சொல்கிறது? ‘அன்றைய இயக்குநர் முழங்கால் அளவு நீரில் இறங்கித் தாமே பதிவு செய்தார்.’

தாமேயா?

போனது கோமதி. மயூர் விஹாரில் இருக்கிறார், பேச்சு இன்னும் திருநெல்வேலி. பதினோரு வருடம் அந்த மலரைத் தொகுத்து, எழுதி, வாசித்தவர். ஆனால் ‘கேஷுவல்’ — கூப்பிடுகிற நாளுக்கு மட்டும் வேலை. புத்தகம் முழுக்கத் தேடினேன். ஓர் இடத்தில்கூட அவர் பெயர் இல்லை.

போன் செய்தேன். ‘போகட்டும் விடுங்க’ என்பார் என்று நினைத்தேன்.

“என்ன சார் சொல்லுதீய? அவரா இறங்குனாரு? அன்னைக்கு அவரு ஷூகூட நனையல! அந்தப் பொண்ணு பேசுனத வெட்டிருன்னு சொன்னதே அவருதான். மாட்டேன்னுட்டேன். அப்புறம் மூணு மாசம் என்னைய வேலைக்கே கூப்பிடல.”

இந்தக் கதை எனக்கே அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலை மெட்ரோ பிடித்து வந்துவிட்டார். இருவரும் இப்போதைய அதிகாரியைப் பார்க்கப் போனோம். தமிழர்தான். டீ வரவழைத்தார்.

“நீங்க பண்ணலன்னு சொல்லல மேடம். ஆனா ரெக்கார்டுல உங்க பேர் இல்லையே?”

“டேப் இருக்கும்லா? எங்குரல்தான். போட்டுக் கேளுங்க.”

“பழைய டேப்பெல்லாம் அழிச்சு ரீயூஸ் பண்ணிட்டாங்களே...”

பார்த்தீர்களா? அழித்ததும் இவர்கள், ஆதாரம் கேட்பதும் இவர்கள்!

அப்போது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார் பிஷ்ட்ஜி. ஒலிப்பதிவு இஞ்சினியர், ஓய்வுபெற நான்கே மாதம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தாழ்வாரத்தில் போனவர், குரலைக் கேட்டே வந்திருக்கிறார்.

“அரே, கோமதிஜி!”

வெள்ளத்தன்று சேறும் சகதியுமாக வந்தவரைச் செருப்பை ஸ்டுடியோவுக்கு வெளியே விடும்படி தான் சொன்னது... டேப்பில் அந்தக் குழந்தை அழுததை வெட்டவே கூடாதென்று கோமதி பிடிவாதம் பிடித்தது... இந்தியில் கடகடவென்று சொன்னார். மொழி தெரியாத மனிதருக்கு அத்தனையும் நினைவிருந்தது. கோமதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதிகாரி நெளிந்தார். “எழுத்துல ஏதாவது இருந்தா...”

“அத்தனையும் எழுதுனதே நாந்தானே சார்!”

அதிகாரி ஃபைலை மூடினார். கடைசியில் “பார்க்கிறோம்” என்றார்.

பார்த்தார்கள். சனிக்கிழமை புத்தகம் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் இயக்குநர் இன்னும் முழங்கால் தண்ணீரில்தான் நிற்கிறார். கோமதி கடைசிப் பக்கத்தில் — ‘நன்றி’ பட்டியலில், வெளியீட்டு விழாவுக்குப் பந்தல் போட்டவருக்கும் சாப்பாடு போட்டவருக்கும் நடுவில்!

நடந்ததை நடந்தபடி சொல்லத்தானே ஐயா செய்தி? அதன் வரலாற்றிலேயே பொய் என்றால் வேறு எதை நம்புவது? நாற்காலியில் உட்கார்ந்தவர் பெயர் ஃபைலில் இருக்கும். வெயிலிலும் வெள்ளத்திலும் அலைந்தவர் பெயர் எதில் இருக்கும்?

கோமதி அழுதுகொண்டு உட்காரவில்லை. செய்தி மலரின் கதையைத் தானே எழுதத் தொடங்கிவிட்டார். வெள்ள அத்தியாயம் முடிந்தது. அதன் அடியில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பவர் பிஷ்ட்ஜி... இந்தியில்.

நானும் என் பங்குக்கு, ‘பார்க்கிறோம்’ என்ற அன்றே, அச்சுக்குப் போகுமுன் ‘பிழை திருத்தம்’ என்று போட்டிருந்த என் பெயரை நீக்கச் சொன்னேன். அதை மட்டும் உடனே செய்தார்கள்!